பள்ளி நேரத்தைக் கூட்டினால் படிப்பு கூடுமா? செட்டிநாட்டு ஊர்ப் பள்ளிகளுக்கு நான்கு வழிகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வச்சாத்தான் சரிப்படும்." பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சொல்வார்கள். சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கும்பிட வந்திருக்கும் முன்னாள் மாணவர், "ஆகிற செலவை நான் தர்றேன்" என்பார். தலைமையாசிரியரும் மறுக்க மாட்டார். அந்த ஒரு மணி நேரம் எந்த வகுப்புக்கு, யார் நடத்துவது, பிள்ளைகள் எப்படி வீடு போய்ச் சேருவது என்பதெல்லாம் ஜூலையில்தான் பேச்சுக்கு வரும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

நான் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் ஊர்க் குழுக்களில் இருந்து யாராவது வந்து இதைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லா வகுப்புக்கும் பள்ளி நேரத்தையே ஒரு மணி நேரம் நீட்டுவது ஒன்று. பத்தாம் வகுப்புக்கு மட்டும் காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பது இரண்டாவது. பிள்ளைகள் இருக்கிற ஊருக்குள்ளேயே மாலைப் படிப்பகம் நடத்துவது மூன்றாவது. நேரத்தைக் கூட்டவே கூட்டாமல், இருக்கிற பள்ளி நேரத்துக்குள் பின்தங்கிய பிள்ளைகளைச் சின்னக் குழுவாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது நான்காவது. சனிக்கிழமை வகுப்பு, மே மாத வகுப்பு என்றும் சிலர் சொல்வார்கள். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறவும் சமையல் குழுவோடு போகவும் பெரிய பையன்கள் கிளம்பிவிடும் ஊர்களில் சனிக்கிழமை வகுப்பு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். மே மாத வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும் ஒரு மணி நேரம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், 800 மணி நேரக் கற்பித்தல் இருக்க வேண்டும். 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் கூட்டினால் நடுநிலை வகுப்புகளுக்கு 220 மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தாளில் எழுதிப் பார்த்தால் இதைவிட நல்ல திட்டம் கிடையாது.

நடப்பில் அப்படி இல்லை. தென் அமெரிக்காவில் சிலி நாடு 1997-இல் நாடு முழுக்க இதைச் செய்யத் தொடங்கியது. அதுவரை ஷிப்ட் முறையில் பாதி நாள் நடந்த பள்ளிகள் முழுநாள் பள்ளிகளாக மாறின. அதற்காகப் புது வகுப்பறைகள் கட்ட வேண்டியிருந்தது, வருடங்கள் ஓடின. மதிப்பெண் உயர்ந்தது உண்மை. ஆனால் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அந்த உயர்வு சிறியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் சில பள்ளிகளுக்கு நிதி கொடுத்து ஆண்டுக்கு 300 மணி நேரம் கூட்டச் சொன்னது. பிறகு மதிப்பீடு செய்து பார்த்தபோது, சராசரியாகத் தேர்வு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. அலுப்பு மட்டும் கூடியிருந்தது. பிரிட்டனில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. பள்ளி நேரத்தை நீட்டினால் ஓராண்டில் சராசரியாக மூன்று மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் கிடைக்கும் என்கிறது. சின்னக் குழுவாக உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தால் நான்கு மாதம், தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து மாதம். பிரிட்டனின் கணக்கை அப்படியே கல்லலுக்கோ புதுவயலுக்கோ பொருத்த முடியாதுதான். ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசை, என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. எட்டு பீரியட் நடக்கிற ஒரு பள்ளியில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு வர வேண்டும், வருகை எடுக்க வேண்டும், "நோட்டை எடு" என்று சொல்லி எல்லோரும் எடுக்கக் காத்திருக்க வேண்டும், நடுவில் ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். பீரியடுக்கு எட்டு நிமிடம் இப்படிப் போனால் ஒரு நாளைக்கு 64 நிமிடம். நாம் பணம் கொடுத்துக் கூட்டப்போகிற அதே ஒரு மணி நேரம். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றுவது, தேர்தல் வேலை, பயிற்சிக் கூட்டம் என்று ஆசிரியர் வகுப்பிலேயே இல்லாமல் போகிற நாட்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஓட்டையை அடைக்காமல் வாளியில் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதோடு நம் ஊர்ச் சிக்கல்களும் சேர்கின்றன. செட்டிநாட்டில் உயர்நிலைப் பள்ளி ஒரு ஊரில் இருக்கும், பிள்ளைகள் சுற்றியுள்ள ஏழெட்டுச் சிற்றூர்களிலிருந்து வருவார்கள். நடுவில் பொட்டலும் கண்மாய்க்கரையும்தான். பள்ளி விடுகிற நேரத்துக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்குத்தான் வெளிச்சம். மாணவருக்கு பஸ் இலவசம், ஆனால் வராத பஸ்ஸில் இலவசம் இருந்து என்ன பயன்? ஐப்பசி கார்த்திகையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மழை வேறு. ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளையை ஐந்தரை மணிக்கு வெளியே விடும் பள்ளிக்கு எந்தத் தாய் அனுப்புவாள்? முதல் மழைக்கே வருகை விழும். யார் முதலில் நின்றுவிடுவார்கள் என்றால், தூரத்து ஊர்ப் பிள்ளைகள், பெண் பிள்ளைகள், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள். யாருக்காக நேரத்தைக் கூட்டினோமோ அவர்களேதான்.

பசியும் இருக்கிறது. மதியச் சத்துணவு பன்னிரண்டரை, ஒரு மணிக்கு. ஐந்து மணிக்கு ஒரு பிள்ளைக்கு பின்னம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். முந்நூறு பிள்ளைகளுக்குத் தலைக்குப் பத்து ரூபாய்க்குச் சுண்டல் என்றாலும் ஒரு நாளைக்கு மூவாயிரம், மாதம் இருபது நாளைக்கு அறுபதாயிரம். நன்கொடையில் பாதி சுண்டலுக்கே போய்விடும். ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

ஆகையால் இந்த வழி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ்

இது நம் எல்லோருக்கும் பழகிய வழி. காலை எட்டரைக்கு ஒரு வகுப்பு, மாலை நாலரைக்கு மேல் ஒரு வகுப்பு, தினமும் ஸ்லிப் டெஸ்ட். ஒன்றுமே செய்யாத பள்ளியில் இதைத் தொடங்கினால் தேர்ச்சி விகிதம் ஏறும். நான் பார்த்தவரை அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. கடைசியில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. மொத்தம் 30. இதை மட்டும் திரும்பத் திரும்பப் போட வைத்து, இரண்டு மதிப்பெண் வினாவில் மூன்றைச் சேர்த்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடும். எந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் இந்த வழியைச் சொல்வார். நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இனியும் சொல்வேன். பத்தாவது பெயிலாகி நிற்கிற பையனைவிட 38 எடுத்து ஐ.டி.ஐ.க்குப் போகிற பையன் மேல். ஆனால் இதை 'கற்றல் அடைவு' என்று எழுதினால் அது நம்மை நாமே ஏமாற்றுவது. அந்தப் பையனுக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று ஐ.டி.ஐ.க்குப் போன பிறகும் தெரிந்திருக்காது.

இன்னொரு விஷயம். ஸ்பெஷல் கிளாஸில் யார் பாடம் நடத்துகிறார்கள்? பகலெல்லாம் நின்று பேசிய அதே ஆசிரியர். டிசம்பர் வரை தாக்குப்பிடிப்பார். அதற்குப் பிறகு "படிங்கடா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் இந்த வகுப்பு வேண்டும் என்றால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, ஜனவரி முதல் தேர்வு வரை, தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு மட்டும் வையுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சேர்த்து உட்கார வைத்து அவள் நேரத்தையும் கெடுக்க வேண்டாம். சுண்டலும் பஸ்ஸும் இருபது முப்பது பேருக்கு என்றால் சமாளிக்கலாம். ஜூன் மாதத்திலிருந்தே காலையும் மாலையும் பிழிவது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நன்றாக இருக்கும். அவ்வளவுதான்.

ஊருக்குள் மாலைப் படிப்பகம்

இது புதிது என்று சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்களே நடத்தினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. பள்ளி மூடியிருந்த காலத்தில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் கால்வாசி அளவுக்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அது சொன்னது. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால் இது பெரிய விஷயம்.

நம் ஊருக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால் பஸ் தேவையில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய், முகம் கழுவி, எதையோ சாப்பிட்டுவிட்டு நடந்தே வரும். அம்மா வந்து கூட்டிப்போவாள். சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருப்பதால், இந்தப் பக்கத்து ஊர்களில் பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். பலர் கல்யாணமாகி வந்த ஊரில் வேலைக்குப் போக முடியாமல் இருப்பவர்கள். ஆயிரத்துக்குப் பதில் மூவாயிரம் கொடுத்தால் தொடர்ந்து நடத்த நல்ல ஆசிரியை கிடைப்பார். நான்கு ஊருக்கு நான்கு பேர் என்றால் மாதம் பன்னிரண்டாயிரம். மேலே சொன்ன சுண்டல் செலவில் ஐந்தில் ஒரு பங்கு.

இடம் என்றதும் எல்லோரும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைத்தான் காட்டுவார்கள். முகப்பும் திண்ணையும் ஐம்பது பிள்ளைகள் உட்காரும் அளவுக்கு இருக்கிறதே என்பார்கள். நானும் அப்படி ஆசைப்பட்டவன்தான். ஆனால் அந்த வீடு ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். பங்காளிகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருப்பார்கள். ஒன்பது பேர் சரி என்றாலும் ஒருவர் வேண்டாம் என்றால் நின்றுவிடும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. அது எந்தத் தெருவில் இருக்கிறது? காலனிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் வந்து சமமாக உட்கார முடியுமா? 'உட்காரலாம்' என்று வீட்டுக்காரர் மனதாரச் சொன்னாலும், பிள்ளையின் அப்பா அனுப்புவாரா? மழுப்பாமல் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது. தொடக்கப் பள்ளிக் கட்டடம், அங்கன்வாடி, ஊர் நூலகம், சமுதாயக் கூடம் என்று எல்லோருக்கும் பொதுவான இடமாகப் பாருங்கள். அழகு குறைவாக இருக்கும், பிள்ளைகள் வருவார்கள்.

இதன் குறை என்னவென்றால், கண்காணிக்காவிட்டால் மூன்றே மாதத்தில் இது வீட்டுப்பாடம் எழுதுகிற இடமாகிவிடும். ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டுப்பாடத்தை முடிக்கும், தெரியாத பிள்ளை அதைப் பார்த்து எழுதும். பெற்றோருக்குத் திருப்தி. ஆசிரியைக்கும் வசதி. படிப்பு மட்டும் நகராது.

நேரத்தைக் கூட்டாமலே

நான்காவது வழியைச் சொன்னால் நன்கொடை தருபவர்கள் முகம் வாடும். கூடுதல் நேரம் இல்லை, கட்டடம் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. ஆனால் நம் நாட்டில் நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி இதுதான். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 'பால்சகி' என்று ஒரு திட்டம் நடத்தியது. மூன்றாவது, நான்காவது படித்துக்கொண்டு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை, பள்ளி நேரத்திலேயே பதினைந்து இருபது பேராகப் பிரித்து, தினமும் இரண்டு மணி நேரம் ஊர்ப் பெண் ஒருவர் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது, அதிலும் மிகவும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். இவர்கள் இருவரும் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றவர்கள். பிறகு ஹரியானாவில் அரசு ஆசிரியர்களை வைத்தே, தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கி, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்துக் குழு பிரித்தார்கள். வாசிப்பு முன்னேறியது.

தமிழ்நாட்டிலும் இதே எண்ணம் பல பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2025-இல் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'திறன்' வந்தது. ஆகவே ஊர்க் குழு இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஆள் பற்றாக்குறையால் பெயரளவில் நடப்பதை, ஒரு ஆளைக் கொடுத்து நிஜமாக நடக்க வைத்தால் போதும்.

என் அனுபவத்தில் பத்தாம் வகுப்பில் பெயிலாகிற பிள்ளை ஏழாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது, வாய்ப்பாடு பாதியில் நிற்கும், பின்னம் என்றால் பயம். ஏழாம் வகுப்பில் அப்படிப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குத் தேவை அவர்கள் நின்றுபோன இடத்திலிருந்து தினமும் முக்கால் மணி நேரம். வகுப்போடு சேர்த்து இயற்கணிதத்தை இன்னும் ஒரு மணி நேரம் கேட்க வைத்தால், புரியாத பாடத்தை அதிக நேரம் கேட்பார்கள். முதல் வழியில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான்.

இதற்கும் சிக்கல் உண்டு. தனியாகப் பிரித்தால் 'மக்குக் குரூப்' என்று பேர் வந்துவிடும். வகுப்பு மாற்றிக் கலந்து பிரித்து, மாதம் ஒருமுறை சின்னத் தேர்வு வைத்து, தேறியவரை வெளியே அனுப்பினால் அந்தப் பேர் நிற்காது. பி.இ.டி. பீரியடை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே நேரம் அதுவாக இருக்கலாம். வெளி ஆளைப் பள்ளிக்குள் கொண்டுவரத் தலைமையாசிரியரின் சம்மதமும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் வேண்டும். வாயால் பேசி முடித்துக்கொள்ளாமல் எழுத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டே தலைமையாசிரியர் மாற்றலாகிப் போகலாம்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

என்னிடம் ஓராண்டுக்கான பணத்தைக் கொடுத்தால் முதலில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நான்காவது வழி. அதே ஆசிரியைகளில் இருவரை வைத்துத் தூரத்து ஊர்கள் இரண்டில் படிப்பகம். பகலில் பள்ளியில் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தவரே மாலையிலும் சொல்லிக்கொடுப்பதால் அது வீட்டுப்பாடக் கடையாக மாறாது. பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸ், சுண்டலோடு. இத்தனைக்கும் சேர்த்து ஆகிற செலவு, எல்லோருக்கும் ஒரு மணி நேரம் நீட்டுவதில் பாதிகூட வராது.

இதற்கு நன்கொடை கேட்பது சிரமம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்புக்கு அள்ளிக் கொடுத்த பூமி இது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். அந்த வழியில் வந்தவர்களுக்குக் கொடுக்க மனம் இருக்கிறது. ஆனால் ஆர்ச்சிலும் கலையரங்கத்திலும் பேர் பொறிக்கலாம், ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தில் எங்கே பொறிப்பது? அவர்களிடம் ஜூன் மாதம் எடுத்த தேர்வுத் தாளையும் டிசம்பரில் அதே பிள்ளை எழுதிய தாளையும் அருகருகே வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு. நான் பார்த்தவரை கல்வெட்டைவிட அது அதிகம் வேலை செய்கிறது.

உங்கள் பள்ளியில் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் பணியிடமே காலியாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அப்போது முழுப் பணத்தையும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாக அந்த ஒரு ஆசிரியரை நியமிப்பதில் போடுங்கள், மற்றதெல்லாம் அடுத்த ஆண்டு. எந்த வழியானாலும் ஜூன் முதல் வாரத்திலேயே போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு பஸ் நேரம் குறித்து ஒரு மனு கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.